சாவியை வாங்கிக்கொண்டவர்

வாகனம் ஒன்று கராஜுக்கு வந்தால் அவர் முதலில் பொனட்டைத் திறப்பதில்லை. சாரதியின் யன்னலுக்குள் கையை நீட்டுவார். "சாவியத் தாங்க" என்பார். வாங்கிச் சட்டைப் பொக்கட்டுக்குள் போட்டு, வெளியே இருந்து உள்ளங்கையால் ஒருதரம் தட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் "இப்ப சொல்லுங்க, என்னவாம்?" என்று கேட்பார்.

மதுரங்குளிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, பெரிய வீதியோரமாக இருந்தது அந்தக் கராஜ். நான் அப்போது அங்கே ஒரு பாடசாலையில் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். பின்னேரம் உடப்புக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்கிற இடம் அவருடைய வாசல்தான். வெயிலுக்கு ஒதுங்கித் தகரக் கூரைக்குக் கீழே போவேன். பழைய டயர் ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு "இருங்க சேர்" என்பார். எங்கள் பழக்கம் அப்படி வந்ததுதான். அவருடைய பெயரை நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் கராஜ் நாநா, கராஜ் அண்ணன். எனக்கும் அப்படித்தான்.

ஒட்டி உலர்ந்த ஆள். நீலச் சட்டை, மடித்துக் கட்டிய சாரம். சட்டையின் இடதுபக்கப் பொக்கட் எப்போதும் சாவிகளின் பாரத்தில் தொங்கும். ஒருமுறை அது கிழிந்து சாவிகள் சாக்கடைக் கானுக்குள் விழுந்து, அரைநாள் முழுக்கச் சேற்றைத் துழாவினார்களாம். அதன்பின் அவருடைய மனைவி எல்லாச் சட்டைகளிலும் பொக்கட்டுக்கு உள்ளே காக்கித் துணி ஒன்று வைத்துத் தைத்துவிட்டார். "இது அவட வேல" என்று பொக்கட்டின் ஓரத்தை விரலால் திருப்பிக் காட்டுவார். தன்னுடைய வேலையைப் பற்றி அவர் அப்படிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் சாவியை வாங்குகிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"மனிசர் பொல்லாதவங்க சேர். கையில சாவி இரிந்தா திருப்புவாங்க."

"திருப்பினால் என்ன? ஒருவேளை ஸ்டார்ட் ஆகும்தானே."

கிறீஸ் படிந்த இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினார். ஒரு கையின் விரல்களைக் கீழே பார்க்க விரித்தார். மற்றக் கையைப் பொத்தி அதற்குக் கீழே வைத்தார். மேலே இருப்பது வால்வு, கீழே இருந்து ஏறி ஏறி வருவது பிஸ்டன். இது ஏறி வருகிறபோது அது விலகிக் கொடுக்கவேண்டும். இரண்டையும் ஒரு தாளத்தில் கட்டிவைத்திருப்பது ஒரு ரப்பர் பட்டி. அதுதான் டைமிங் பெல்ட்.

"பட்டி அறுந்தா மேல இரிக்கிறது அப்படியே நிக்கும். வெலகத் தெரியாது. கீழ இரிக்கிறது ஏறி வந்து அடிக்கும்." பொத்திய கையால் விரல்களை இடித்துக் காட்டினார். "முதல்தரம் அடிச்சது அல்லாட நாட்டம். ரெண்டாந்தரம் அடிக்கிறது நீங்க. நிண்டுட்டா விடுங்க. ரெண்டாந்தரம் திருப்பாதீங்க."

டைமிங் பெல்ட் அறுகிற வாகனம் எப்போதோ ஒன்றுதான் வரும். ஆனால் அவர் எல்லா வாகனத்தையும் அது அறுந்த வாகனமாகவே நினைத்து நடந்துகொண்டார். இதில் பகிடியும் நடந்திருக்கிறது. கற்பிட்டிப் பக்கத்துத் தோட்ட முதலாளி ஒருவரின் கார் கராஜுக்கு எதிரே நின்றது. நாநா ஓடிப்போய்ச் சாவியை வாங்கிப் பொக்கட்டில் போட்டார். மனிதரை வெயிலில் நிறுத்திவைத்துக்கொண்டு, பெல்ட் மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, பல் பல்லாகப் பார்த்தார். கடைசியில் பார்த்தால் பெற்றோல் இல்லை.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "நாநா, பெற்றோல் முடிஞ்சாலும் சாவி உங்கட பொக்கட்டுக்குள்ளதானா?"

"ஓம், பிழ உட்டுட்டேன்" என்றார் அவர். "பெற்றோல் பார்க்காதது பிழ. சாவிய எடுத்தது பிழயில்ல."

அவரோடு சண்டை பிடிக்காத ஆட்கள் குறைவு. அதிகம் பிடித்தது எங்கள் உடப்பு ஆட்கள்தான். கரைவலை இழுத்துப் பழகிய ஊர். எங்கே எது அசையாமல் நின்றாலும் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒன்று இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் தள்ளவேண்டும். ஒருமுறை உடப்பிலிருந்து புத்தளத்துக்குப் போன கலியாண வேன் ஒன்று கராஜுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. நானும் அதில் இருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆம்பிளைகள் எல்லோரும் குதித்து இறங்கிவிட்டார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று வலை இழுக்கிற அதே குரலில் பின்னால் தோள் கொடுத்தார்கள். வேன் அசையத் தொடங்கியது.

நாநா ஓடிவந்தார். சாவியை வாங்க நேரமில்லை. வேனுக்கு முன்னால் நடுவீதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நாநா, எழும்புங்க! முகூர்த்தம் போகுது!" என்று கலியாணப் பொம்பிளையின் தாய் கத்தினார்.

"போகட்டும். இது போகாது."

"கடலில கிடக்கிற வலையே எங்கட ஆட்களுக்கு இழுபடுது. இந்த வேன் எம்மாத்திரம்?"

"வல கிழிஞ்சா பொத்தலாம் தங்கச்சி. இது உள்ளுக்குக் கிழிஞ்சி போச்சி. பொத்தேலா."

உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி, அந்நேரம் வந்த பஸ்ஸை மறித்தார். கூறைச்சேலையோடு பொம்பிளை வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு புத்தளம் போனாள். முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் "பஸ் பொம்பிளை" என்ற பட்டம் அவளுக்கு இன்றைக்கும் இருக்கிறது. அவளுடைய தாய் அந்தக் கராஜ் பக்கம் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைப் போன்ற பயந்த சுபாவக்காரனுக்கு அவருடைய இந்தக் குணம் கொஞ்சம் உறுத்தும். ஏலாது என்பதை இவ்வளவு கெதியாக ஒருவர் எப்படிச் சொல்லலாம்? பார்ப்போம், செய்து பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கேட்கிறவனுக்கு அது ஒரு ஆறுதல்தானே. அவர் அந்த ஆறுதலை ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

பிறகு அவருடைய மனைவிக்கு வருத்தம் வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். கராஜ் பூட்டிக் கிடந்தது. நாநா திரும்பி வந்தபோது மனைவியையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார் என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்களாம். மனைவியின் தம்பிக்கு அது பொறுக்கவில்லை. வேறு ஆஸ்பத்திரி இருக்கிறது, இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம், ஓதித் தண்ணி கொடுக்கிற ஒரு ஹஸ்ரத் இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். நாநா எதற்கும் அசையவில்லை.

அந்தத் தம்பி ஒரு பின்னேரம் கராஜுக்கு வந்து நின்று கத்தியபோது நான் டயரில் உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், வாகனத்துக்குச் சொல்றத மனிசிக்கும் சொல்றீங்களா? எண்ட ராத்தா என்ன, இஞ்சினா?"

நாநா நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த நட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவளுக்கு நோகுது" என்றார். "ஆஸ்பத்திரியில திரும்பத் திரும்ப ஊசி குத்துறாங்க. ஏலா. விடு."

"கல் நெஞ்சன்!" என்று மண்ணில் துப்பிவிட்டு அந்த ஆள் போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பஸ் வந்ததும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு, வருத்தம் பார்க்கவென்று பாடசாலையிலிருந்து நாங்கள் மூன்று நாலு பேர் அவருடைய வீட்டுக்குப் போனோம். வீடு கராஜுக்குப் பின்னாலேயே இருந்தது. ஆசிரியைகள் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். வேலியோரம் அவருடைய சொந்த வேன் கல் அடுக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பொனட்டுக்குள் ஒன்றுமில்லை. இஞ்சினை எப்போதோ இறக்கி வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார். வயர்கள் மட்டும் தொங்கின.

உள்ளே, சாரதி ஆசனத்தில் அவர் இருந்தார். சாவி போட்டிருந்தது. அதைத் திருப்பினார். கட் என்று ஒரு சத்தம். பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி திருப்பினார். வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மனைவி முனகுவது யன்னலூடாகக் கேட்டது. ஒவ்வொரு முனகலுக்கும் அவர் ஒரு திருப்புத் திருப்பினார். பொக்கட்டின் ஒரு பக்கம் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டுவிட்டார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"இதுல இஞ்சின் இல்ல, சேர்" என்றார். "இதத் திருப்பலாம். ஒண்டும் உடையாது."

மனைவி மௌத்தானதும் அவர் கராஜைக் கொடுத்துவிட்டு மகளோடு இருக்க அநுராதபுரப் பக்கம் போனார். அங்கேயே அவரும் காலமாகிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கும் இடமாற்றம் வந்தது, கலியாணம் நடந்தது, ஒரு மகள் பிறந்தாள். அவரை நான் மறந்தே போனேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மகளுக்கு மூச்சு இழுப்பு. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. மழைக்காலம் முடிந்து காற்று மாறுகிறபோது கூடும். நெஞ்சு பூனைபோலச் சத்தம் போடத் தொடங்கினால் மருந்துப் பம்ப் அடிப்போம், அதற்குக் கேட்காவிட்டால் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். அதற்காகத்தான் கடன்பட்டு ஒரு பழைய கார் வாங்கினேன். எந்த நேரமும் பாதித் தாங்கிக்குக் குறையாமல் பெற்றோல் இருக்கும். டயரின் காற்றைப் பார்ப்பேன். பெல்ட்டைப் பற்றி, இவ்வளவு கேட்டிருந்தும், நான் நினைக்கவேயில்லை.

போன மாதம் ஒரு காலையில் பம்ப் கேட்கவில்லை. மகளைப் பின் ஆசனத்தில் மனைவியின் மடியில் சாய்த்துக்கொண்டு உடப்பிலிருந்து புறப்பட்டோம். மதுரங்குளி தாண்டும்வரை மகள் கதைத்துக்கொண்டுதான் வந்தாள். பாலாவிக்குக் கிட்ட, உப்பு வாய்க்கால்கள் தொடங்குகிற இடத்தில், முன்னால் எங்கோ சின்னதாக ஒரு சத்தம். வேறொன்றுமில்லை. திடீரென்று டயர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. காரை ஓரத்துக்கு உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன்.

சாவியைத் திருப்பினேன். இஞ்சின் லேசாகச் சுற்றியது. வழமையாக ஒரு முக்கல் இருக்கும், அது இல்லை. பாரமே இல்லாத ஒரு சுற்று. நாநா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: "நிண்ட பொறகு லேசாச் சுத்தினா சந்தோசப்படாதீங்க சேர். பட்டி அறுந்திரிக்கும்." நினைவு வந்தும் மறுபடி திருப்பினேன். அதற்குப் பிறகும் திருப்பினேன். பின்னால் மகளுடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்போது கை நிற்கவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். வருகிறோம் என்றார்கள். உப்பு வாருகிற ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பால் ஓடிவந்தார்கள். கால்களில் உப்புப் பொரிந்திருந்தது. தொப்பி போட்ட ஒருவர் யன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யா அல்லா, புள்ளைக்கு மூச்செடுக்க ஏலாமல் இரிக்கி! தள்ளுங்கடா! சேர், ரெண்டாம் கியர்ல போட்டு கிளச்ச மிதிச்சிக்கோங்க. நான் சொல்லக்குள்ள விடுங்க!"

தள்ளக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஏன் கூடாது என்றும் தெரியும், இரண்டு கைகளால் காட்டித் தந்திருக்கிறார். ஆனால் என் பிள்ளைக்காக ஓடிவந்து தோள் கொடுக்கிற மனிதர்களுக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கார் உருண்டது. "விடுங்க!" என்றார். விட்டேன். இரும்பை இரும்பு கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்து கார் குலுங்கி நின்றது.

"இன்னொருக்கா! பின்னுக்கு வாங்கடா, இன்னொருக்கா!"

மகள் கதைப்பதை நிறுத்தியிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். உதட்டின் நிறம் மாறியிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான்தான் ஏதோ செய்வேன் என்று பார்த்தாள்.

சாவியைக் கழற்றி என் சட்டைப் பொக்கட்டுக்குள் போட்டேன்.

"என்ன சேர் செய்றீங்க? சாவிய ஏன் எடுக்கிறீங்க? இன்னொருக்காத் தள்ளினா புடிக்கும்!" தொப்பிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலா" என்றேன். "இது ஏலா. பிள்ளையைத் தூக்குங்க."

ஒரு கணம் என்னை விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு வீதிக்குத் திரும்பிக் கையிரண்டையும் விரித்து நின்றார். மற்றவர்களும் அவரோடு வரிசையாக நின்றார்கள். மீன் ஏற்றிப் போகும் கூலர் லொறி ஒன்று பிரேக் அடித்து நின்றது. மகளைத் தூக்கிக் கொடுத்தோம். மனைவி ஏறினாள். முன்பக்கத்தில் சாரதியைத் தவிர மனைவிக்கும் மகளுக்கும் மட்டுந்தான் இடம். உதவியாள் இறங்கிப் பின்னால் தொங்கிக்கொண்டான். எனக்கு இடமில்லை.

"நீங்க பொறகு வாங்க!" என்றார் சாரதி. லொறி போய்விட்டது.

அப்படி ஒரு நிற்பு நான் வாழ்க்கையில் நின்றதில்லை. இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள், வெயில், வெள்ளையாகக் குவித்து வைத்த உப்பு. மீன் தண்ணீர் சொட்டிய கோடு வீதியில் தூரம் வரைக்கும் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பிள்ளையைப் பிடித்திருப்பாள், எப்படி எடுப்பாள்? மறுபடி அடித்தேன்.

தொப்பிக்காரர் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "குடிங்க. போய்ச் சேர்ந்திருப்பாங்க இன்ஷா அல்லா. எண்ட மோட்டச்சைக்கிள் அங்கால நிக்கி, ஏறுங்க." வழி நெடுக அவர் ஏதேதோ கதைத்தார். நான் பொக்கட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேனாம். நெஞ்சு நோகிறதா என்று ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கேட்டார்.

மகள் பிழைத்துக்கொண்டாள். முகமூடிக்குள் அவளுடைய மூச்சு பனிபோலப் படிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் கதிரையில் உட்கார்ந்திருந்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். பாடசாலைக்கும் போகிறாள். இது திரும்ப வருமா என்று டொக்டரிடம் கேட்டேன். வரலாம், வராமலும் விடலாம், வளர வளரக் குறையும் பிள்ளைகளும் உண்டு என்றார். நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். செய்யவேண்டியதையெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள் என்றார். அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்தேன். வகுப்பில் கரும்பலகைக்கு முகத்தைத் திருப்பினால், பின்னால் எந்தப் பிள்ளை இருமினாலும் எழுதிய கை நின்றுவிடுகிறது.

காரைப் பாலாவியில் ஒரு கராஜில் விட்டிருக்கிறேன். அங்கே வேலை செய்கிறவர் இளம் ஆள். நேற்றுப் போனபோது, "நிண்ட பொறகு திருப்பினீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்."

"தள்ளினீங்களா?"

"ஓம்."

தட்டம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வால்வுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக வளைந்து கிடந்தன. "புள்ள எப்படி?" என்றார். நல்லாயிருக்கிறாள் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மேசையில் இருந்த என் காரின் இஞ்சினிடம் திரும்பிவிட்டார்.

கார் வெளியே மாமர நிழலில் நின்றது. பொனட்டுக்குள் வெறுமை. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். பின் ஆசனத்தில் மகளுடைய மயிர்க்கிளிப் ஒன்று கிடந்தது. அந்நேரம் அவளுக்குப் பாடசாலை. வகுப்புக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, கேட்டுப் பார்க்கவும் வழியில்லை.

பொக்கட்டிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பினேன்.

கட்.

அந்த இளம் ஆள் தலையை நீட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

நான் மறுபடி திருப்பினேன்.